காய்ச்சலும் பாய்ச்சலும்: வெப்ப நிலத் தோட்டத்தில் பழமரமும் பூஞ்செடியும்

நட்டு ஏழெட்டு ஆண்டாகியும் பூக்காத மாமரம், இலை மட்டும் தழைத்து நிற்கும் காகிதப்பூ, வைத்த ஆண்டிலேயே வெளுத்துப் போன இட்லிப்பூ. தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த மூன்று குறைகளும் திரும்பத் திரும்ப வரும். மண் சரியில்லை, கன்று சரியில்லை, உரம் போதவில்லை என்று காரணமும் கூடவே வரும். சில தோட்டங்களில் அது உண்மைதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் செடிகளுக்கு எதுவும் குறைவாகக் கிடைப்பதில்லை. காலையும் மாலையும் ஒரே டியூபைப் பிடித்து, மாமரத்துக்கும் மல்லிக்கும் குரோட்டன்சுக்கும் ஒரே அளவில் தண்ணீர் விடுகிறோம். மாதம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் ஒரே உரத்தைத் தூவுகிறோம். ஒவ்வொரு செடிக்கும் எப்போது தண்ணீர் வேண்டும், எப்போது கூடாது என்பதை நாம் கேட்பதே இல்லை. வெப்ப நிலத் தோட்டக்கலையின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

குளிர்நாடுகளில் பருவத்தைக் குளிர்தான் பிரித்துக் கொடுக்கிறது. ஆப்பிள், பேரி, பீச் போன்ற மரங்கள் இலையுதிர்த்து உறங்கி, சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் வாங்கிய பிறகே மொட்டு விடும். நம் சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. பகல் நீளமும் பெரிதாக மாறுவதில்லை. சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அப்படியானால் இங்குள்ள மரம் பருவத்தை எதை வைத்துத் தெரிந்துகொள்கிறது? பெரும்பாலும் மண்ணின் ஈரத்தை வைத்து. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடுகிறது. அதன்பின் தை, மாசி, பங்குனி என்று நிலம் காய்கிறது. அந்தக் காய்ச்சலைப் பூப்பதற்கான காலமாக எடுத்துக்கொண்ட மரங்களே நம் ஊரில் பழமரங்களாக நிலைத்தன. நெல்வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டத் தெரிந்த உழவர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்கூட, நகரத்தில் வீடு கட்டியதும் காய்ச்சலை மறந்துவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வருகிற வரை பாய்ச்சல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

மாமரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொழுந்து செம்பு நிறத்தில் வெடித்து, பச்சை பிடித்து, தடித்து முதிர நான்கைந்து மாதம் ஆகும். அப்படி முதிர்ந்த கிளை நுனியில்தான் பூங்கொத்து வரும். வட இந்தியாவில் பனிக்கால இரவுகளின் குளிர் மரத்தைப் பூக்கத் தூண்டிவிடும். சென்னையிலோ ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதனால் இங்கே கிளையின் முதிர்ச்சியும் மண்ணின் காய்ச்சலும்தான் பூப்பதைத் தீர்மானிக்கின்றன. கார்த்திகை மார்கழியில் வேர் ஈரமாகவே இருந்தால் மரம் இன்னொரு முறை கொழுந்து விடும். அந்தக் கொழுந்து முதிர்வதற்குள் பூக்கும் காலம் தாண்டிவிடும். மறு ஆண்டும் இதுவே நடக்கும். வடகிழக்கு மழை நீண்டு மார்கழி வரை கொட்டிய ஆண்டுகளில் கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து விவசாயிகள் பூ குறைவதையும் தள்ளிப்போவதையும் கண்டு கவலைப்படுவது இதனால்தான். வீட்டுத் தோட்டத்தில் அந்த மழைக்காலத்தை நாமே டியூப் வைத்து ஆண்டு முழுவதும் நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது சிக்கலானது அன்று. காய் பறித்து முடிந்ததும், ஆடி ஆவணிக்குள், நெருங்கிய கிளைகளையும் உள்ளே வெயில் விழாமல் மறைக்கும் கிளைகளையும் கவாத்து செய்து, தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் வைத்துவிட வேண்டும். கவாத்துக்குப் பின் வரும் கொழுந்து மார்கழிக்குள் முதிர்ந்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு கத்தியை மரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மழை ஓய்ந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிட வேண்டும். பூத்து, பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகு மீண்டும் தண்ணீர் விடலாம். அப்போது விடாவிட்டால் பிஞ்சு உதிரும். நட்டு மூன்று ஆண்டு ஆகாத கன்றுக்கு இது பொருந்தாது. அதற்கு வேர் பிடிக்கும் வரை கோடையில் தவறாமல் தண்ணீர் வேண்டும். கடற்கரை மணலில் நிற்கும் மரத்துக்கும் இலை தொங்கும் அளவுக்குக் காய்ச்சல் கொடுக்க வேண்டியதில்லை.

மரத்தைப் பூக்க வைக்க மனிதர்கள் எவ்வளவோ முயன்றிருக்கிறார்கள். பிலிப்பைன்சில் மாமரத்தின் அடியில் நாள்கணக்கில் புகை மூட்டிப் பூக்க வைப்பது பழைய வழக்கம். 1970களில் ரமோன் பார்பா என்ற அந்நாட்டு அறிவியலாளர், முதிர்ந்த கிளைகளின் மீது பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தாலே மரம் பூக்கும் என்று காட்டினார். அந்நாட்டு மாம்பழத் தொழிலின் போக்கே அதனால் மாறியது. நம் ஊர்த் தோப்புகளில் பேக்லோபுட்ரசால் என்ற வளர்ச்சி ஒடுக்கியை மண்ணில் ஊற்றுகிறார்கள். மரத்துக்குள் கிளை நீட்சியைத் தூண்டும் ஜிப்ரலின் உற்பத்தியை அது தடுக்கிறது. கொழுந்து அடங்கி, பூ முந்துகிறது. வணிகத் தோப்பில் விலை கிடைக்கும் மாதத்துக்குக் காயை நகர்த்த அது உதவலாம். ஆனால் மண்ணில் நெடுங்காலம் தங்கும் பொருள் அது. நாலு மரமும் பத்துச் செடியும் வேர் பின்னி நிற்கும் வீட்டுத் தோட்டத்தில் அதற்கு இடமே இல்லை. தண்ணீரை நிறுத்திப் பெறக்கூடியதை மருந்து ஊற்றிப் பெற வேண்டியதில்லை.

மழைக்கும் பூப்புக்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போகலாம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகளும் நன்றாகக் கிடைக்கும் பகுதி அது. அங்கே நீலம் போன்ற ரகங்கள் ஆண்டில் இரண்டாம் முறையும் காய்க்கின்றன. அதே நீலம் கிருஷ்ணகிரியில் ஆனி, ஆடியில் ஒருமுறை காய்த்து ஓய்ந்துவிடும். ரகம் ஒன்றுதான், மழையின் இடைவெளிதான் வேறு.

எலுமிச்சை, கொய்யா, மாதுளை மூன்றுக்கும் இதே விதியைக் கொஞ்சம் கடுமையாகவே பயன்படுத்தலாம். மகாராஷ்டிரத்து விவசாயிகள் இதை 'பஹார்' என்று ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். தண்ணீரை நிறுத்தி, இலை பழுத்து உதிரும் வரை மரத்தைக் காயவிட்டு, லேசாகக் கவாத்து செய்து, உரம் வைத்து, பிறகு ஒரே மூச்சில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மரம் புதுத் தளிரோடு பூவையும் கொண்டுவரும். எந்த மாதத்தில் காய் வேண்டுமோ அதற்கேற்பக் காய்ச்சலைத் தொடங்கலாம். கொய்யாவுக்குக் கத்தியும் வேண்டும். அது அந்தப் பருவத்துத் தளிரில் பூப்பது. பழைய கிளை உயர்ந்துகொண்டே போகுமே தவிர காய் கொடுக்காது. நுனியை வெட்டினால் பக்கத் தளிர் வரும், தளிரோடு மொட்டு வரும். கிளையை வளைத்துக் கட்டி வைத்தாலும் இதே பலன் கிடைக்கும். பழனிக்கு அருகே ஆயக்குடியில் கொய்யா பார்த்தவர்களுக்கு அந்த மரத்தைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருப்பதன் அருமை தெரியும். மாதுளைக்கு வறண்ட காற்று பிடிக்கும். கடலோரப் புழுக்கத்தில் இலைப்புள்ளியும் பழ வெடிப்பும் அதைத் தொல்லைப்படுத்தும். பல நாள் காயவிட்டுத் திடீரென்று தண்ணீர் விட்டால் பெருத்துக்கொண்டிருக்கும் பழம் வெடித்துவிடும். ஆகவே பூப்பதற்கு முன்புதான் காய்ச்சல், பிஞ்சு பிடித்த பின் சீரான ஈரம்.

எல்லாப் பழமரத்துக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. சப்போட்டா ஆண்டு முழுவதும் கொஞ்சம் பூத்துக்கொண்டும் கொஞ்சம் காய்த்துக்கொண்டும் இருக்கும் மரம். பூ பழமாக ஏழெட்டு மாதம் பிடிக்கிறது. அதைக் காயவிட்டால் வெவ்வேறு வயதில் இருக்கும் பிஞ்சுகள்தான் உதிரும். உப்பையும் வெயிலையும் தாங்கும் அந்த மரத்துக்கு இடைவிட்டு ஆழமாகக் கிடைக்கும் தண்ணீர் போதும். பப்பாளியும் வாழையும் மரங்களே அல்ல. அவற்றுக்கு ஓய்வு கிடையாது, பசி உண்டு. ஆனால் பப்பாளியின் தண்டைச் சுற்றி ஓரிரு நாள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். அதனால் மழைக்காலத்துக்கு முன் அடியில் மண் அணைத்து மேடாக்கி வைக்க வேண்டும்.

பூஞ்செடிகளுக்கு வருவோம். இவற்றில் நம் தோட்டத்தின் மிகப் பெரிய முரண் காகிதப்பூதான். பிரேசிலிலிருந்து வந்த செடி இது. 1760களில் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவரின் உலகப் பயணத்தில் உடன் சென்ற கொம்மெர்சோன் என்ற தாவர ஆய்வாளர் இதைச் சேகரித்ததால் கப்பல் தலைவரின் பெயர் செடிக்கு வந்தது. நாம் பூ என்று பார்க்கும் நிறம் பூவடிச் செதில். உண்மையான பூ நடுவில் இருக்கும் சிறு வெள்ளைக் குழல். மண் காய்ந்து, வெயில் சுள்ளென்று அடிக்கும்போது செடி முழுவதும் நிறமாகும். மழை பெய்ததும் பச்சையாகிவிடும். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் காகிதப்பூ பூத்துக் குலுங்குவதற்கும், வீட்டு வாசலில் தினமும் தண்ணீர் குடிக்கும் செடி முள்ளும் இலையுமாக நிற்பதற்கும் காரணம் இதுவே. இலை லேசாகத் தொய்யும்போது மட்டும் தண்ணீர், பூத்து முடிந்ததும் ஒரு வெட்டு. அதற்கு மேல் அந்தச் செடிக்கு எதுவும் தேவையில்லை.

மல்லி இன்னொரு பாடம். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் குண்டுமல்லித் தோட்டக்காரர்கள் கார்த்திகை முதல் பகுதியில் தண்ணீரை நிறுத்தி, செடியைத் தரையிலிருந்து முக்கால் முழம், ஒரு முழ உயரத்தில் ஒட்ட வெட்டிவிடுவார்கள். பழைய இலைகளை உருவிவிட்டு, உரம் வைத்து, பிறகு தண்ணீர் கட்டுவார்கள். பங்குனி முதல் ஆனி வரை கொட்டும் பூ அந்த வெட்டிலிருந்து வருவது. வீடுகளில் மல்லியை வெட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. வெட்டாத மல்லி கொடியாக நீண்டு, காம்பவுண்டு சுவரைத் தாண்டி, நுனியில் நாலு பூ பூக்கும். செம்பருத்தி வேறு வகை. அது புதுத் தளிரில் நாள்தோறும் பூக்கும். ஓய்வு கேட்காது, தண்ணீரும் உரமும் கேட்கும். கனகாம்பரத்துக்குப் பாதி நிழலும் ஈரமும் வேண்டும். வேரை முடிச்சு முடிச்சாக்கும் நூற்புழு அதற்கு எமன் என்பதால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக் கூடாது. குரோட்டன்சும் மற்ற இலை அழகுச் செடிகளும் ஈரத்திலேயே வாழும்.

இப்போது ஒரு வழக்கமான வீட்டின் முன்புறத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் மாமரம். அதன் அடியைச் சுற்றி வட்டமாகச் செங்கல் அடுக்கி, உள்ளே மண் நிரப்பி, குரோட்டன்சும் பட்டு ரோஜாவும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. குரோட்டன்ஸ் வாடக் கூடாது என்று தினமும் தண்ணீர். அந்த ஈரத்தில் மாமரத்துக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றி மண் ஏறியதால் பட்டை ஈரத்தில் ஊறி, வெடித்து, பிசின் ஒழுகத் தொடங்குகிறது. ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுப் போட்ட இடமே மண்ணுக்குள் போய்விடும். இந்த ஒரு அமைப்பைக் கைவிட்டாலே நம் வீடுகளில் பல மாமரங்கள் காய்க்கும் என்று உறுதியாகச் சொல்வேன். மரத்தின் அடியில் காய்ந்த இலை மூடாக்கு இருக்கட்டும். ஈரம் கேட்கும் செடிகளை மரத்தின் கிளை நிழல் விழும் எல்லைக்கு வெளியே, தனிப் பாத்தியில் வைக்கலாம். சொட்டுநீர்க் குழாய் போடுபவர்கள் மரங்களுக்கு ஒரு வால்வு, செடிகளுக்கு ஒரு வால்வு என்று இரண்டு வரிசையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கூடுதல் செலவு சில நூறு ரூபாய்தான். மரத்துக்கான தண்ணீரும் அடிமரத்தில் விழக் கூடாது. உறிஞ்சும் வேர்கள் கிளை நிழலின் விளிம்பை ஒட்டித்தான் அதிகம் இருக்கின்றன.

தண்ணீரின் அளவைப் போலவே அதன் தன்மையும் முக்கியம். இட்லிப்பூ, பழைய பெயரில் வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான புதர். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் சற்றுப் புளித்த மண்ணில் வளரும் செடி. அதைச் சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் நட்டு, உப்பேறிய போர்வெல் தண்ணீரை ஊற்றினால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகள் வெளுக்கும். நிறைய பேர் இதைப் பார்த்ததும் யூரியா போடுவார்கள், பலன் இருக்காது. உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதியை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் மழைநீரைப் பிடித்து ஊற்றுவதும், ஆண்டுதோறும் மக்கிய இலை உரத்தைச் சேர்ப்பதும்தான். புது வீடுகளில் கட்டட இடிபாடும் சிமெண்ட் கலவையும் சுவர் ஓரத்து மண்ணிலேயே புதைந்திருக்கும். அங்கேதான் இட்லிப்பூ வேலி வைக்கிறோம். அந்த இடத்தில் நந்தியாவட்டையோ மருதாணியோ வைப்பது செடிக்கும் நல்லது, நமக்கும் நல்லது. மரங்களிலும் இந்தப் பாகுபாடு உண்டு. உப்புத் தண்ணீரைச் சப்போட்டா, கொய்யா, இலந்தை தாங்கும். மாவும் எலுமிச்சையும் இலை நுனி கருகித் தம் மறுப்பைச் சொல்லும். சுண்ணாம்புப் பாறை மேல் அமர்ந்த யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் செழிப்பதைப் பார்த்தால், அந்தந்த மண்ணில் தலைமுறைகளாக நின்று தேறிய ரகத்துக்கு மாற்று இல்லை என்பது விளங்கும்.

பூச்சிகளின் பக்கம் வந்தால், பழமரமும் பூஞ்செடியும் தனித்தனி உலகம் இல்லை என்பதற்கு 2008ஆம் ஆண்டு ஒரு பெரிய சாட்சி. அந்த ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலில் கண்டறியப்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி. பப்பாளியில் தொடங்கி மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, கொய்யா என்று பரவியது. கொங்கு நாட்டுப் பட்டு வளர்ப்போரும் மரவள்ளி விவசாயிகளும் நிலைகுலைந்தார்கள். தெருவோரத்துச் செம்பருத்திகள் வெள்ளை மாவு பூசியதுபோல் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். மருந்தடித்தும் அடங்கவில்லை. பூச்சியின் உடலை மூடும் மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்தது. அடித்த மருந்து இயற்கை எதிரிகளைக் கொன்றது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி மாவட்டந்தோறும் விட்டன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுவது. சில மாதங்களில் கொள்ளை அடங்கியது. நம் வேளாண் வரலாற்றில் மனமாரப் பாராட்ட வேண்டிய வேலைகளில் இது ஒன்று.

அந்தக் குளவிகள் இன்றும் நம் தோட்டங்களில் இருக்கின்றன. செம்பருத்தியில் வெள்ளை தெரிந்த மறுகணமே மருந்துப் புட்டியைத் தேடுகிறவர் முதலில் அவற்றைத்தான் கொல்கிறார். பீய்ச்சியடிக்கும் தண்ணீரும், வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலும், மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி காவல் காக்கும் எறும்பைத் தடுக்கத் தண்டில் சுற்றிய பசைப் பட்டையும் பெரும்பாலும் போதும். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்னையில் தோன்றிய சுருள் வெள்ளை ஈயும் இப்படித்தான் கொய்யா, வாழை, அழகுச் செடிகள் என்று பரவி இலை மேல் கரும்பூசணத்தைப் படியவைத்தது. அதையும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணி கட்டுப்படுத்தத் தொடங்கியது. மாமரம் பூத்திருக்கும்போது மருந்து அடிப்பதை விட்டுவிட வேண்டும் என்பதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. மாம்பூவின் மகரந்தச் சேர்க்கையில் பெரும்பங்கு ஈக்களுடையது. ஈயை விரட்டினால் பிஞ்சு குறையும். பழ ஈயோ வேறு. மா, கொய்யாவுக்குள் புழு வைப்பது. அதற்கு மெத்தில் யூஜினால் வைத்த பொறியைத் தொங்கவிடலாம், பழத்துக்கு உறை போடலாம். எலுமிச்சையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழு, பிறகு பச்சையாகி, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாக மாறுவது. அது கறிவேப்பிலையையும் தின்னும், இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். வளர்ந்த மரத்துக்கு அதனால் பெரிய கேடில்லை. சின்னக் கன்றில் மட்டும் கையால் எடுத்துக் கறிவேப்பிலை மரத்தில் விட்டுவிடலாம். வண்ணத்துப்பூச்சியும் தோட்டத்து விளைச்சல்தான்.

மரத்தின் உயரம் பற்றி ஒரு பழைய மயக்கம் நம்மிடம் இருக்கிறது. பெரிய மரமே நல்ல மரம் என்று நினைக்கிறோம். தோப்பில் மாமரங்களுக்குப் பத்து மீட்டர் இடைவெளி விட்ட காலம் இருந்தது; இன்று உடுமலைப்பேட்டைப் பக்கம் மூன்றுக்கு இரண்டு மீட்டரில் நட்டு, ஆண்டுதோறும் கவாத்து செய்து, ஆள் உயரத்தில் வைத்துக் காய் பறிக்கிறார்கள். நம் நீலத்தையும் வடநாட்டுத் தஷேரியையும் கலந்து 1970களில் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆம்ரபாலி இயல்பிலேயே குட்டையானது, ஆண்டு தவறாமல் காய்ப்பது. சிறு மனைக்கு அதைவிடப் பொருத்தமான மாமரம் சிலவே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2016இல் வார்தா சென்னையின் நிழல் மரங்களை வீழ்த்தியது. 2018இல் கஜா டெல்டாவைப் புரட்டியது. புயல் வரும் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு, உயரம் குறைந்து அகன்ற மரம் பாதுகாப்பும்கூட. வீட்டுச் சுவரிலிருந்து எட்டடிக்குள் பலாவையும் நாவலையும் நடுவது பின்னால் வெட்டுவதற்காக நடுவதே.

எதை நடுவது? இதில் கருத்து வேறுபாடு பலமாக இருக்கிறது. மண்ணின் மரங்கள் மட்டுமே வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். அவர்களது அக்கறை நியாயமானது. பிரிட்டிஷ் காலத்தில் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல்வெளியை விழுங்கிவிட்டது. அதன் கலப்பு ரகங்களை நர்சரிகளில் இன்னும் விற்கிறார்கள், வாங்காதீர்கள். ஆனால் முழுத் தூய்மை பேசினால் கொய்யா, சப்போட்டா, பப்பாளி, சீத்தா, முந்திரி எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டியிருக்கும். அத்தனையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பிறந்த இடத்தைவிட நடத்தையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் நிலை: இங்கே தன்னிச்சையாகப் பரவிக் காட்டை அழிக்கிறதா, நம் தண்ணீரில் நிற்கிறதா, பறவைக்கும் பூச்சிக்கும் ஏதாவது கொடுக்கிறதா.

இந்த மூன்றையும் நிறைவு செய்யும் ஒரு கூட்டத்தை நாம் மறந்தே போனோம். பழமும் பூவும் ஒன்றாகத் தரும் புதர்கள் அவை. களா வெள்ளைப் பூவும் மணமும் முள்ளுமாக வேலியாக நிற்கும், ஊறுகாய்க்குக் காயும் தரும். அரைநெல்லி வாசலோரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மாதுளையின் பூவைவிடச் சிவப்பான பூ எந்த அழகுச் செடியில் இருக்கிறது? பார்படாஸ் செர்ரியை வெட்டி உருவம் கொடுக்கலாம், குழந்தைகள் பறித்துத் தின்னலாம். இவை அனைத்தும் வறட்சி தாங்குபவை. பழமரத்தோடு ஒரே வால்வில் வைக்கலாம். அரளியையும் மஞ்சள் அரளியையும் மட்டும் சின்னக் குழந்தைகளும் ஆடு மாடும் இருக்கும் வீட்டில், அதிலும் பழம் பறிக்கும் இடத்தின் அருகில், நடவே வேண்டாம். இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. கேரளத்தில் ஓர் இளம்பெண் அரளியைத் தின்று இறந்ததாக எழுந்த அச்சத்தையடுத்து, 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது.

சமவெளிக்கு ஆப்பிள், லிச்சி, மங்குஸ்தான் கன்றுகள் விற்பனைக்கு வருகின்றன. இமாச்சலத்திலிருந்து வந்த எச்.ஆர்.எம்.என்.99 போன்ற குறைந்த குளிர் கேட்கும் ஆப்பிள் ரகங்கள் உண்டு என்பது உண்மை. நாலு காய் காய்த்ததைப் படம் எடுத்துப் போடலாம். இடத்தையும் தண்ணீரையும் அதற்குக் கொடுப்பது வீண். மங்குஸ்தானுக்குக் கல்லாறு, பர்லியாறு அடிவாரத்தின் ஈரக்காற்று வேண்டும். திருச்சியின் சித்திரை வெயிலில் அது நிற்காது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 எலுமிச்சையும் பி.கே.எம்.1 முருங்கையும் எந்த வீட்டிலும் பயன் தரும். அவற்றுக்கு அடுத்துத்தான் ஆசைக்கு நடும் மரங்கள்.

இவ்வளவையும் வாங்குகிறவர் தாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விடுவது சரியல்ல. கன்று விற்கும் இடத்திலேயே இந்தச் செய்தி கிடைக்க வேண்டும். விலைச் சீட்டு ஒட்டாத செடி இன்று இல்லை; ரகத்தின் பெயர், விதைக்கன்றா ஒட்டா, எந்த அடிச்செடியில் ஒட்டியது, பத்தாண்டில் எவ்வளவு உயரமும் அகலமும் போகும், எந்த மாதங்களில் தண்ணீரை நிறுத்த வேண்டும், நஞ்சா இல்லையா என்று ஆறு வரி எழுதிய சீட்டோடு ஒரு கன்றும் கைக்கு வருவதில்லை. மாவட்டந்தோறும் இருக்கும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகள் இதைத் தொடங்கிவைக்கலாம்; அவர்கள் செய்தால் தனியார் நர்சரிகளும் பின்தொடர வேண்டிவரும். அதுவரை, அடுத்த முறை கன்று வாங்கப் போகும்போது இந்த ஆறு கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த இடத்தில் வாங்குங்கள்.